உயிர்நீரும் பண்டியும்: நகைச்சுவைப் படங்களின் வட்டார மொழி

1949இல் வெளிவந்த ‘விஸ்கி கலோர்’ என்னும் ஆங்கிலப் படத்தின் தலைப்பில் ஆங்கில வேர்ச்சொல் ஒன்றுகூட இல்லை. விஸ்கி, ‘உயிர்நீர்’ எனப் பொருள்படும் கெயிலிக் தொடரின் குறுக்கம். கலோர், ‘நிறைவு வரை’ எனப் பொருள்படும் தொடரின் திரிபு. இதற்குத் தமிழில் ‘ஏராளம்’ என்பதைவிடப் ‘போதுமட்டும்’ என்பதே பொருந்தும். சொல்லமைப்பும் ஏறத்தாழ அதுவே.

1941இல் எரிஸ்கே தீவருகே ‘பொலிட்டிஷியன்’ என்ற கப்பல் விஸ்கிப் பெட்டிகளோடு தரைதட்டியது. அதனை வைத்துக் காம்ப்டன் மெக்கன்சி எழுதிய நாவலை (1947) அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக் படமாக்கினார். அரசியல்வாதியின் பெயர்கொண்ட கப்பல் கதையில் ‘கேபினட் மினிஸ்டர்’ ஆகிறது! தீவினர் தமக்குள் பேசியிருக்க வேண்டிய கெயிலிக்கின் இடத்தைப் படத்தில் பெரும்பாலும் ஆங்கிலமே நிரப்புகிறது. எஞ்சிய சிலவற்றுள் ஒன்று ‘ரேச்சக்’ என்னும் மணஉறுதிச் சடங்கின் பெயர். விஸ்கியின்றி அச்சடங்கு இல்லை. இதனை ‘நிச்சயதார்த்தம்’ என்று பெயர்த்தால் பொருள் விளங்கும். ஆனால் தீவினரின் வழக்கம் புரியாத ஆங்கிலேயர் வேகெட்டுக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள வேலி மறைந்துவிடும். நகைச்சுவை நிற்பது அவ்வேலியின்மேல்தான். இங்குச் சொல்லை அப்படியே விடுவதே நன்று.

கடல் சூழாத தீவுகளும் உண்டு. ‘சினிமா பண்டி’ (2021) என்னும் தெலுங்குப் படத்தில் ஆந்திர–கர்நாடக எல்லைச் சிற்றூர் ஒன்றின் ஆட்டோ ஓட்டுநர் வீரபாபுவின் வண்டியில் யாரோ விட்டுச்சென்ற கேமரா கிடைக்கிறது. ஊர் கூடிப் படமெடுக்கிறது. பிரவீண் கந்த்ரேகுலா இயக்கிய இதனைத் தயாரித்தோர் திருப்பதியைச் சேர்ந்த ராஜ் நிதிமோருவும் சித்தூரைச் சேர்ந்த கிருஷ்ணா டி.கே.யும் ஆவர். கரையொதுங்கிய பொருள் ஊருக்குச் சொந்தமாகும் கதையே இரண்டிலும். எனினும் வேகெட் போன்ற அதிகாரி இதில் இல்லை. அதனால் சிரிப்பு ஊரார்மீதே திரும்பும் இடர் மிகுதி. பேச்சின் இயல்பே படத்தை அதிலிருந்து பெரிதும் காக்கிறது.

தமிழில் பெயர்ப்போர் அவ்வியல்பைச் சென்னைத் தமிழாகவோ மதுரைத் தமிழாகவோ மாற்றினால் அக்காப்பு போய்விடும். தெலுங்கோடு கலந்து பழகிய எல்லைத் தமிழ் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் இன்றும் வழங்குகிறது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னும் எல்லைக்கு அப்பால் தங்கிவிட்ட தமிழ் அது. தலைப்பில் ‘பண்டி’யை ‘வண்டி’ ஆக்க ஓரெழுத்து மாற்றம் போதும். உரையாடலுக்கு அந்த எல்லைப் பேச்சைச் செவிமடுத்தவரே தேவை.