மண் இட்லியும் இல்லாத தோழியும்

திருவாலங்காட்டைச் சுற்றி வழங்கும் இரண்டு கதைகளில் பாவனைப் பிள்ளையும் பிள்ளையின் பாவனையும் வருகின்றன. பக்கத்துப் பழையனூரில், நீலி என்ற பேய் ஒரு கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வணிகனைப் பழிதீர்க்க வருகிறாள். அதை நிஜக் குழந்தை என்று நம்பி அவனுக்கு உயிர்ப்பிணை கொடுத்த வேளாளர் 70 பேர், அவன் கொல்லப்பட்டதும் தீயில் இறங்குகிறார்கள். மற்றது, திருவாலங்காட்டு இரத்தின சபையில் நடராசர் திருவடிக்கீழ் அமர்ந்த காரைக்கால் அம்மையாருடையது. 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், புனிதவதி என்ற பெயரில் சிறுமியாக மணல்வீடு கட்டி விளையாடிய அம்மையாரின் விளையாட்டுப் பேச்சிலெல்லாம் சிவனே வந்துபோனதாகச் சொல்கிறார்.

நம் வீடுகளில் இன்னமும் நீலிப் பயம்தான் ஆள்கிறது. நான்கு வயதுப் பிள்ளை சொப்புச் சாமானைப் பரப்பி, ஈர மண்ணில் இட்லி ஊற்றி, யாருமில்லாத மூலையைப் பார்த்து "இன்னும் ஒண்ணு வெச்சுக்கோ" என்று உபசரித்தால், பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிறார். மறுவாரம் மந்திரித்த கயிறு. படித்த வீடாக இருந்தால் "பொய் சொல்லாதே" என்ற அதட்டல். பிள்ளைக்கு நிஜம் எது, பாவனை எது என்று தெரியாது என்ற ஒரே எண்ணத்திலிருந்துதான் கயிறும் வருகிறது, அதட்டலும் வருகிறது.

அந்த எண்ணம் தவறு. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். மண் இட்லியை உதட்டருகே கொண்டுபோய், சப்புக்கொட்டிவிட்டுக் கீழே வைக்கிறது பிள்ளை. அம்மா முறுக்கை நீட்டினால், கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கிக் கடிக்கிறது. தோழிக்கென்று இன்னொன்று கேட்டு வாங்கி, அதையும் தானே தின்கிறது. நிஜமென்று நம்பியிருந்தால் மண்ணையல்லவா தின்றிருக்கும்? அமெரிக்காவில் இத்தகைய பிள்ளைகளோடு பல ஆண்டுகள் பேசிய உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் இதையே கண்டார். பேட்டியின் நடுவே "இது சும்மாதான்" என்று பிள்ளைகளே அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அவருடைய குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு இப்படியொரு தோழன் இருந்திருக்கிறான். அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது. உயிருள்ளதாகப் பாவித்துப் பேசிய பொம்மைகளும் அதில் சேர்த்தி. இந்தியாவில் இத்தகைய தோழர்களைப் பற்றிய பேச்சே குறைவு என்று மானிடவியலாளர் அந்தோனியா மில்ஸ் 2003இல் எழுதினார். வீடு நிறைய ஆட்கள் இருப்பதால் தோழன் தேவைப்படவில்லை என்று விளக்கம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. கயிறு கட்டும் வீட்டில் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

பாவனையைப் போற்றுகிறவர்களையும் இதே கறாரோடு பார்க்க வேண்டும். மழலையர் பள்ளி விளம்பரங்கள் அதை மூளைக்குச் சத்துணவு போல விற்கின்றன. உளவியலாளர் ஆஞ்சலின் லில்லார்டும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்து, பாவனை விளையாட்டுதான் அறிவையும் படைப்பாற்றலையும் வளர்க்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றார்கள். சூட்டிகையான பிள்ளைகள் அதிகம் பாவனை செய்வதாகவும் இருக்கலாமே.

ஆகவே, இல்லாத தோழியோடு பேசுவது நோயும் அல்ல, மேதைமைக்கு அடையாளமும் அல்ல. அது விளையாட்டு. அதனால் ஒரு பயனும் விளையாவிட்டாலும் பிள்ளைக்கு அது வேண்டும். 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு விளையாட்டை உரிமை என்றே சொல்கிறது. அதனால் அறிவு வளர வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அங்கே இல்லை.

தோழி அடிக்கச் சொல்கிறாள் என்று பிள்ளை மிரண்டாலோ, தூக்கம் கெட்டாலோ, மற்றப் பிள்ளைகளோடு சேரவே மறுத்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மந்திரிக்கிறவரிடம் போகாதீர்கள். மற்றபடி, பிள்ளை கூப்பிட்டால் போய் உட்காருங்கள். தோழியின் பெயரைக் கேளுங்கள். அவள் என்ன பேசுவாள் என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.