'கருச்சிதைத்தோர்': புறநானூறு 34ஆம் பாட்டின் ஓர் அறச்சொல்

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடிய புறப்பாட்டு (புறம். 34) செய்ந்நன்றியின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகப் பெரிதும் ஆளப்படுவது. பசுவின் முலையை அறுத்தோர், மகளிர் கருவைச் சிதைத்தோர், பெரியோர்க்குத் தீங்கிழைத்தோர் ஆகிய மூவர்க்கும் கழுவாய் உண்டு. ஒருவன் செய்த நன்றியைக் கொன்றோர்க்கோ உய்தி இல்லை என்று அறம் கூறிற்று என்பது அதன் முற்பகுதியின் பொருள். இரண்டாவதாகச் சொல்லப்பட்ட குற்றமே ஈண்டு நம் ஆராய்ச்சிக்கு உரியது.

கருச்சிதைவு அறமா, அறமன்றா என்னும் வினாவில் இன்று மக்கள் கருத்து ஒன்றாக இல்லை. ஒரே வீட்டில் தாய் ஒன்றும் மகள் ஒன்றும் கருதுகின்றனர். மருத்துவர்கள் தமக்குள் மாறுபடுகின்றனர். இம்மாறுபாட்டிற்கிடையே பழந்தமிழர் கொள்கை யாது என வினவுவார்க்கு முதலில் நினைவிற்கு வருவது இப்பாட்டே. கருச்சிதைவைத் தமிழர் கொடும்பாவங்களுள் ஒன்றாக வைத்தனர் என்பதற்கு இதனைச் சான்று காட்டலாம். கழுவாய் உடைய குற்றமாகவே வைத்தனர், ஆதலின் அதனைப் பொறுக்கத்தக்கதாகக் கொண்டனர் என்பதற்கும் இதனையே காட்டலாம். ஒரே அடி இருவேறு கட்சிக்கும் துணை நிற்குமாயின், அவ்வடி அவ்விரண்டனுள் எதனையேனும் உண்மையாகவே சொல்லுகின்றதா என்பதனைத் தெளிதல் வேண்டும். பாட்டைப் பாட்டாகக் கல்லாது சான்றாக மட்டும் எடுப்பதால் நேரும் இடர்ப்பாடு இது என்பது நம் கருத்து.

புலவர் நோக்கம் கருச்சிதைவைப் பற்றிய அறம் கூறுதல் அன்று. தம்மைப் புரந்த வளவன் நீடு வாழ்கவெனத் தாம் பாடாராயின் ஞாயிறு தோன்றாது என்று சொல்லும் அளவிற்கு நன்றியுணர்வு மீதூர்ந்து நிற்கின்றார் அவர். அந்நன்றியை மறத்தலின் கொடுமையை உயர்த்திக் காட்டவே, கேட்போர் எவரும் ஐயமின்றிக் கொடிதெனக் கொள்ளும் மூன்றினை எடுத்து அதன்கீழ் வைக்கின்றார். கீழே வைக்கப்பட்டதனால் அவை சிறிய குற்றங்கள் ஆகா. மிகப் பெரியனவாக இருந்தாலன்றி ஒப்புமை சிறவாது. ஆகவே, கழுவாய் உண்டு என்னும் சொல்லைக் கொண்டு பழந்தமிழர் இதனை எளிதாக எண்ணினர் எனல் பொருந்தாது. அக்கட்சி இவ்வளவில் அமையும்.

மற்றைய கட்சியே விரிவாக ஆராயத்தக்கது. கொடிதென்று சொல்லப்பட்ட செயலுக்கு வினைமுதல் யார்? 'கருச்சிதைத்தோர்' என்னும் வினையாலணையும் பெயர் இருபாற்கும் பொதுவானது. சிதைத்தவர் ஆடவரோ மகளிரோ என்பதனைச் சொல்லளவில் காட்டாது. அதன் முன் நிற்கும் 'மகளிர்' என்பதனை எழுவாயாகக் கொண்டால், தம் கருவைத் தாமே சிதைத்த மகளிர் என்று பொருள்படும். ஆறாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டால், மகளிரது கருவைச் சிதைத்த பிறர் என்றாகும். இவ்விரண்டனுள் எது புலவர் கருத்து?

பாட்டின் அமைப்பே விடை தருகின்றது. குற்றங்கள் மூன்றும் ஒரே வாய்பாட்டில் அடுக்கப்பட்டுள்ளன. பசு தன் முலையைத் தானே அறுத்துக்கொள்வதில்லை. பெரியோர் தமக்குத் தாமே தீங்கிழைப்பதில்லை. முதலிலும் முடிவிலும் தீமை செய்வோர் ஒருவர், தீமையுறுவோர் பிறிதொருவர். இடைநின்ற ஒன்றில் மட்டும் இருவரும் ஒருவரே எனக் கொள்ளுதற்கு இயைபில்லை. அன்றியும், கருவுற்ற மகளிர்க்குப் புலவர் தரும் அடைமொழி மாட்சிமைப்பட்ட அணி பூண்டவர் என்னும் பொருளது. பழிக்கப்படுவோர்க்கு இத்தகைய அடை கொடுத்தல் வழக்கன்று. பழிச்சொற்கள் சிதைத்தோர் பக்கமே செல்கின்றன. ஆகவே, இங்குக் கடியப்படுவது கருவுற்ற பெண்ணின்மீது பிறர் செய்யும் வன்செயல் என்பது நம் துணிபு.

மகளிரே செய்வதாகிய கொடுஞ்செயலைக் கூறவேண்டின் புறப்பாட்டுப் புலவர் அதனைத் தெளிவாகவே கூறுவர். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டில் (புறம். 278), மகன் புறங்கொடுத்தான் எனக் கேட்ட முதியவள் அவனுக்குப் பாலூட்டிய தன் முலையைத் தானே அறுத்தெறிவதாக வஞ்சினம் கூறி வாளோடு களம் புகுகின்றாள். முலையறுத்தல் என்னும் அதே வினை அங்கே பெண்ணைத் தெளிந்த வினைமுதலாகக் கொண்டு நிற்கின்றது. ஆலத்தூர் கிழார் பாட்டில் அவ்வாறு இல்லை.

இவ்விடத்து மற்றொன்றும் நோக்கற்பாலது. வளவன் நாட்டுப் பாணர் உண்ணும் உணவை விரிக்குமிடத்து, புறாவின் முட்டை போன்ற வரகரிசியைப் பாலிட்டுச் சமைத்துத் தேன் கலந்து, முயற்சூட்டோடு உண்டமை கூறுகின்றார் புலவர். அவ்வுவமையில் முட்டையைக் குறிக்க அவர் ஆளும் சொல்லும் 'கரு' என்பதே. அறுக்கப்பட்ட முலையும் சிதைந்த கருவும் முற்பகுதியில். சொரிந்த பாலும் கருப்போன்ற வரகும் பிற்பகுதியில். இதனைப் புலவர் எண்ணி அமைத்தார் என உறுதி கூறுதற்கில்லை. இதன்மேல் பெருங்கொள்கை எதனையும் கட்டவும் நாம் விரும்பவில்லை. எனினும் மூன்று குற்றங்களுள் முதலிரண்டும் ஊட்டுவதையும் பிறப்பிப்பதையும் அழிக்கும் குற்றங்கள் என்பதும், அரசனது கொடை ஊட்டுவதாகவே பாடப்படுகின்றது என்பதும் உண்மை. உண்ட சோற்றை மறத்தலோடு ஒப்பவைக்க இவற்றினும் பொருத்தமானவை கிடைத்தல் அரிது.

நம் துணிபிற்குத் தடை ஒன்று எழலாம். பெண்ணே வேண்டிக்கொள்ள மருந்து கொடுத்தவன் கருச்சிதைத்தோன் ஆகானோ? அவனும் பிறனே அன்றோ? தடை வலியுடையது. பாட்டு அவனை விலக்கவில்லை. குறித்துச் சொல்லவும் இல்லை. பெண்ணின் உடன்பாடு என்னும் கருத்தே அங்கு எழவில்லை. அரசனை விளிக்குமிடத்தும் ஆராய்ந்த அணியுடையாள் கணவனே என்று புலவர் விளிக்கின்றார். அணி பூண்ட பெண் அங்கே மனைவியாகவும் முன்னே கருவுடையாளாகவும் வருகின்றாளேயன்றித் தன் விருப்பம் உடையாளாக எங்கும் வரவில்லை. பாட்டில் இல்லாத விருப்பத்தைப் பாட்டு ஏற்றது என்றோ மறுத்தது என்றோ கூறுதல் எவ்வாறு?

உரையாசிரியர் ஒருவரையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். செய்ந்நன்றியறிதல் அதிகாரத்துப் பத்தாம் குறளில் (110) வள்ளுவர் எந்தக் குற்றத்தையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. பரிமேலழகரே இப்புறப்பாட்டின் மூன்று குற்றங்களையும் அங்குக் கொணர்ந்து பெரிய அறங்களைச் சிதைத்தலுக்கு எடுத்துக்காட்டாக்கினார். மூன்றாம் குற்றத்திற்கு உரியோராக அவர் பார்ப்பாரைக் குறிப்பதால், குரவர் எனவும் பார்ப்பார் எனவும் வழங்கும் இரு பாடங்களுள் அவர் கண்டது பின்னதாதல் கூடும். அப்பாட வேறுபாடு நம் பொருளைத் தொடுவதன்று. கருச்சிதைவைப் பற்றித் திருக்குறள் இவ்வாறு கூறுகின்றது என எழுதுவோர், அது மூலத்தின் கூற்றன்று, உரையின் கூற்று என்பதனை மறத்தலே நாம் சுட்டவேண்டுவது.

வடமொழி, பாலி நூல்களோடு ஒப்பிட்டால் வினைமுதல் பற்றிய வினாவின் அருமை புலப்படும். மனுநூல் இருவகையாகவும் பேசுகின்றது. ஆணோ பெண்ணோ என்று அறியப்படாத கருவை அழித்தவனுக்கு அந்தணனைக் கொன்றவனுக்குரிய கழுவாயையே பதினோராம் அத்தியாயம் விதிக்கின்றது. ஐந்தாம் அத்தியாயமோ கருவிற்குத் தீங்கு செய்த மகளிர்க்கு நீர்க்கடன் இல்லை என்று பெண்ணையே வினைமுதலாக்குகின்றது. கௌடலீயம் அறம் பேசாது தண்டம் பேசுகின்றது. அடித்துக் கருவைச் சிதைத்தவனுக்குத் தலையாய தண்டம்; மருந்தால் சிதைத்தவனுக்கு இடைத்தண்டம்; வருத்திச் சிதைத்தவனுக்குக் கடைத்தண்டம். இங்கும் தண்டம் பெறுவோன் பிறனே. வன்மையின் அளவிற்கேற்பத் தண்டம் குறைதலால், கருவின் அழிவு மட்டுமன்றித் தாய் உற்ற துன்பமும் அளவிடப்பட்டது எனக் கருத இடமுண்டு.

வினயபிடகத்தின் வழக்குகள் இவற்றினும் நுட்பமானவை. கணவன் வெளிநாடு சென்றிருக்கப் பிறனால் கருவுற்ற பெண் ஒருத்தி தனக்குப் பழக்கமான பிக்குவிடம் மருந்து வேண்டினாள், அவன் கொடுத்தான், கரு அழிந்தது. மற்றொரு வழக்கில் மகப்பேறில்லாத ஒருத்தி, கருவுற்ற தன் மாற்றாளுக்கு ஊட்டுதற்கு மருந்து வேண்டினாள். இரண்டிலும் கரு அழிந்தவிடத்துப் பிக்கு சங்கத்தினின்று நீங்கும் தலைக்குற்றத்திற்கு ஆளானான். ஆனால் பின்னை வழக்கில் தாய் இறந்து குழந்தை பிழைத்தவிடத்து, குற்றம் அத்துணைப் பெரிதன்று, கடுங்குற்றமே என ஒரு படி குறைத்துத் தீர்க்கப்பட்டது. தாயைக் கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லாமையே காரணம். தன் துயரால் தானே வேண்டியவளையும் மாற்றாளை அழிக்க வேண்டியவளையும் அந்நூல் வேறுபடுத்தவில்லை. அந்நூலின் வினா அப்பெண்களைப் பற்றியதன்று. பிக்குவின் ஒழுக்கத்தைப் பற்றியது. நமக்கோ அவ்விருவரையும் ஒன்றாக எண்ணுதல் இயலாது. பழைய நூல் ஒன்று கேளாத வினாவை நாம் கேட்கின்றோம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

பெண் தானே வினைமுதல் ஆவது இக்காலச் சட்டமொழியில் வெளிப்படையாகக் காணப்படுகின்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவில் கருச்சிதைவைக் குற்றமாக்கி, தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்ததை மட்டும் விலக்கியது. அப்பிரிவின் விளக்கம், தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் இதன்பாற்படுவாள் என்றது. புறப்பாட்டில் நாம் தேடிக் காணாத பொருளைச் சட்டம் வாய்விட்டுச் சொல்லிற்று. பெண்ணின் இசைவின்றிச் செய்தோர்க்கு அடுத்த பிரிவு மிகப் பெரிய தண்டனை வகுத்தது. 2024 சூலை முதல் இவற்றினிடத்தில் பாரதிய நியாய சன்ஹிதையின் 88, 89ஆம் பிரிவுகள் நடைமுறையில் உள்ளன.

தமிழ் உரைநடையில் பெண்ணின் விருப்பத்தையே முதலாகக் கொண்டு பேசியவர்களுள் பெரியார் தலையாயவர். அவர் எழுதியது கர்ப்பத்தடை பற்றியே; கருச்சிதைவு பற்றியன்று. இரண்டினையும் ஒன்றாக்குதல் தவறு. ஆயினும் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலில், உடல்நலமும் நாட்டின் வறுமையும் காரணமாகக் கர்ப்பத்தடையை வேண்டுவாரினின்றும் தம்மைப் பிரித்துக்கொண்டு, பெண்ணின் விடுதலையே தாம் கருதும் காரணம் என அவர் கூறுவது குறிக்கத்தக்கது. கருத்தில் உடன்படுவோரும் காரணத்தில் வேறுபடுவர் என்பது அங்கே விளங்குகின்றது.

1964இல் அமைந்த சாந்திலால் ஷா குழு 1966இல் தந்த அறிக்கையின் வழி 1971ஆம் ஆண்டின் கருவகற்றல் சட்டம் தோன்றி, 1972 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் முடிவு செய்யும் வினைமுதல் பெண்ணும் அல்லள், சிதைக்கும் பிறனும் அல்லன். நல்லெண்ணத்தோடு கருத்துரைக்கும் மருத்துவரே. கருத்தடை தவறியதைக் காரணமாகக் காட்டும் உரிமையை மணமானவர்க்கே தந்த அச்சட்டம், 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் எல்லாப் பெண்களுக்கும் அதனை விரித்தது. குறித்த சில வகையினர்க்கு 24 வாரம் வரை எல்லையை நீட்டியது. மணமாகாதவரை அவ்வகையினின்றும் விலக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

மறு ஆண்டு அக்டோபரில், இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகிய மணமான பெண் ஒருவர் 26 வாரக் கருவை அகற்ற வேண்டிய வழக்கில், முதலில் இசைவு தந்த இரு நீதிபதிகளே சில நாளில் இருவேறு கருத்தினராயினர். கருவிற்கு உயிர்வாழும் வாய்ப்பு உண்டு என்ற மருத்துவரின் கடிதத்தின்பின் இசைவளிக்கத் தம் மனச்சான்று இடந்தரவில்லை என்றார் நீதிபதி ஹிமா கோலி. அப்பெண்ணின் முடிவே மதிக்கப்படவேண்டும் என்றார் நீதிபதி நாகரத்னா. இருவரும் பெண்கள், ஒரே ஆவணங்களைக் கண்டவர்கள். மூவர் அமர்வு அக்டோபர் 16ஆம் நாள், எல்லையாகிய 24 வாரம் கடந்தமையாலும் தாயின் உயிர்க்கு உடனடி இடர் இன்மையாலும் கருவில் குறைபாடு காணப்படாமையாலும் வேண்டுகோளை மறுத்தது. நாம் நாகரத்னா அவர்களின் கருத்தின்பால் சார்கின்றோம். சுமப்பவளை நீக்கிவிட்டுச் சுமையை மட்டும் எடைபோடுதல் இயலாது என்பதே நம் காரணம். எனினும் மற்றைய நீதிபதியின் தயக்கத்தை அறியாமை என்று தள்ளுவார் எவரும் அக்கடிதத்தின் பொருளை எண்ணிப் பார்த்தவர் ஆகார்.

இச்சார்பிற்கு ஆலத்தூர் கிழாரைத் துணையழைக்க நமக்கு உரிமையில்லை. மாறுபட்ட கருத்தினர்க்கும் இல்லை. முதுகலை வகுப்பில் இப்பாட்டைக் கற்பிப்போர் இரண்டாம் குற்றத்திற்கு 'மகளிரது கருவை அழித்த பிறர்க்கும்' எனத் தொகையை விரித்து உரை கூறின், மாணவர் இதனை இற்றை வழக்குகளுக்குச் சான்றாக எழுதுவது பெரும்பாலும் நின்றுவிடும். 'செய்தி' என்னும் சொல் அப்பாட்டில் செய்த நன்றியைக் குறிப்பது என்பதனை விளக்கும் ஆசிரியர், அதே மூச்சில் இதனையும் விளக்கிவிடலாம்.