பங்கைக் கூட்டினால் போட்டி தெரியுமா?

ஒரு சந்தையில் போட்டி எவ்வளவு என்று அளக்க, பொருளியல் ஆய்வாளர்கள் முதலில் கையில் எடுப்பது ஹெர்ஃபிண்டால்–ஹிர்ஷ்மன் குறியீடு. கணக்கு எளிது. ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். ஒரே நிறுவனம் என்றால் 10,000. ஆளுக்குப் பத்து சதவீதமாகப் பத்து நிறுவனங்கள் என்றால் 1,000. 1,800-ஐத் தாண்டிய சந்தை ஒரு சிலர் கையில் குவிந்துவிட்டது என்கின்றன 2023-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட இணைப்பு நெறிமுறைகள். இந்தியக் கைப்பேசிச் சந்தையில் ஜியோ 40, ஏர்டெல் 33, வோடஃபோன் ஐடியா 18, பிஎஸ்என்எல் 8 என்று தோராயமாகப் போட்டுப் பார்த்தால் 3,000-க்கு மேல் வரும். வங்கி டெபாசிட்டுகளுக்கு இதே கணக்கைப் போட்டால் அதில் பாதிகூட வராது.

அதாவது, வங்கிகளிடையேதான் போட்டி அதிகம். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

போன் கம்பெனியை மாற்ற 1900-க்கு ஓர் எஸ்எம்எஸ் போதும். எட்டு எழுத்துக் குறியீடு வரும். அதே நம்பரோடு, ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடலாம். வங்கியை மாற்றினால் கணக்கு எண்ணே மாறிவிடுகிறது. வீட்டுக் கடன் தவணை, எல்ஐசி பிரீமியம், கேஸ் மானியம் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தவணை தவறினாலும் அபராதம். அதனால்தான் சேவை பிடிக்காவிட்டாலும் பலர் பழைய வங்கியிலேயே கிடக்கிறார்கள். இந்தக் கட்டுண்ட நிலை எந்தப் பங்குக் கணக்கிலும் ஏறாது.

பொருளியலாளர்கள் ஸ்டைன் கிளாசன்ஸ், லுக் லாவென் இருவரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. வட்டி, சம்பளம் போன்ற செலவுகள் ஏறும்போது வங்கியின் வருவாய் எப்படி அசைகிறது என்பதை வைத்து, 50 நாடுகளில் போட்டியை அளந்தார்கள். குவிந்த சந்தைகளில் போட்டி குறைவு என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. புதியவர்கள் உள்ளே வரத் தடை குறைவாக உள்ள நாடுகளில்தான் போட்டி கூடுதலாக இருந்தது.

அதற்காகக் குறியீட்டைத் தூக்கி எறியவும் கூடாது. 2024 ஜூன் கடைசியில் ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாளே ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் அறிவித்தன. மூன்றும் சேர்ந்து ஏற்றும்போது நம்பரை எடுத்துக்கொண்டு எங்கே போவது? பங்குகள் குவிந்தால் இப்படி நடக்கும் என்று முன்கூட்டி எச்சரிப்பதில் இந்தக் குறியீட்டுக்கு இணையான எளிய கருவி இல்லை. இரு நிறுவனங்கள் இணைய அனுமதி கேட்கும்போது, பின்விளைவுக்காகக் காத்திருக்காமல் கேள்வி எழுப்ப அது உதவுகிறது. ஆனால் அது எழுப்பும் கேள்வியையே பதிலாக எடுத்துக்கொள்வதுதான் பல ஆய்வுகளில் நடக்கிறது.

மாறும் வசதி சட்டத்தில் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் தடுமாறியபோது, டவர்கள் செயலிழந்தன. வெளியேற எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அனுப்பச் சிக்னல் இல்லை. வங்கியிலும் ஆதாரிலும் அந்த நம்பரைக் கொடுத்திருந்தவர்கள் ஓடிபி வராமல் ஏர்செல் கடைகளின் முன் கூடினார்கள். பெயர்த்துப் போகும் உரிமை 2011-லேயே நாடு முழுக்க வந்துவிட்டது. ஆனால் அதற்கான கதவு, வாடிக்கையாளரை இழக்கப்போகும் நிறுவனத்தின் நெட்வொர்க்கிலேயே இருந்தது.

ஆகவே ஆய்வாளர்கள் பங்கோடு சேர்த்து, எத்தனை பேர் மாற விண்ணப்பித்தார்கள், எத்தனை நிராகரிக்கப்பட்டன, எத்தனை நாள் ஆனது என்பதையும் அளக்க வேண்டும். நம்பரோடு மாறக் கேட்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மாதந்தோறும் வெளியிடுகிறது. வங்கித் துறைக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும்; அதற்கு முதலில் மாறுவதற்கான வழி வேண்டும். பிரிட்டனில் 2013 முதல் ஏழு வேலை நாளில், தானியங்கிப் பற்றுகளோடு கணக்கை வேறு வங்கிக்கு மாற்றித் தருகிறார்கள். ரிசர்வ் வங்கியின் அப்போதைய துணை ஆளுநர் எஸ்.எஸ். முந்த்ரா 2017-லேயே கணக்கு எண் பெயர்வை வலியுறுத்தினார். கணக்கு எண்ணோடு வங்கி மாறும் வசதி நமக்கு இன்னும் கிடைக்கவில்லை.