நன்னூலார் கண்ட பேடும் நம் காலத் திருநங்கையும்

நன்னூலில் பால்பகுப்பைக் கற்பிக்கும் ஆசிரியர் பலர், பேடு பற்றிய நூற்பா வந்ததும் விரைந்து கடந்து விடுவர். மாணவர் நகைப்பரோ என்னும் அச்சத்தால் யானும் அவ்வாறு கடந்தவனே. ஆயினும் ஈண்டு ஊன்றி நோக்கத்தக்க சொல் ஒன்று உண்டு. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலாகவும் பவணந்தியார் கொள்கின்றார். தொல்காப்பியர் ஆண்மை திரிதல் என்றதனை இவர் அவாவுதல் என்றார். திரிதல் பிறர் கண்ணுக்குப் புலப்படுவது. அவாவுதலோ அவரவர் நெஞ்சம் அறிவது. எனினும் அந்நூற்பாவே, இவ்விருவரும் அஃறிணை போலவும் வழங்கப்படுவர் என முடிகின்றது. 'வந்தாள்' என்று அழைத்த வாயே 'வந்தது' என்றும் சொல்லலாமாம்! ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொண்ட இலக்கணம் இது.

இக்காலப் படைப்புகளையும் இந்த அளவுகோல் கொண்டே மதிப்பிடலாம். சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' 1990களில் இப்பொருளை நாவலாக்கித் துணிவுடன் வழி திறந்தது. ஆனால் துன்பத்தின் மேல் துன்பத்தை அடுக்கி, சுயம்புவுக்காக நம்மை இரங்க வைப்பதிலேயே அதன் ஆற்றல் பெரிதும் செலவாகின்றது. இரக்கம் வாசகனை மேட்டிலேயே நிறுத்திவிடும்.

2007இல் வெளிவந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு அம்மேட்டைத் தகர்க்கின்றது. மொழியியல் பயின்ற பட்டதாரி, தொடர்வண்டியில் கையேந்தியதை ஒளிவுமறைவின்றி உரைக்கின்றார்; நம் கண்ணீரை அவர் வேண்டவில்லை. ஆ. ரேவதியின் 'வெள்ளை மொழி' இன்னும் ஆழமானது எனின் மிகையன்று. பெற்ற வீடு அடித்துத் துரத்த, முன்பின் அறியாத மூத்த திருநங்கையர் மகளென ஏற்கின்றனர். அங்கே அம்மா உண்டு, பாட்டி உண்டு, அக்காள் தங்கையர் உண்டு. தன்னைப் பெண்ணென்று மெய்ப்பிக்க வேண்டாத ஓரிடம்! ஆயினும் அவ்வில்லத்தின் கட்டுப்பாடுகளையும் வருவாய்ப் பங்கீட்டின் கடுமையையும் ரேவதி மறைக்கவில்லை. அடைக்கலத்திற்கும் விலை உண்டு என்ற அந்நேர்மையே நூலை இலக்கியமாக்குகின்றது.

திருநங்கை என்ற சொல் இன்று பாடநூல் வரை வந்துவிட்டது. தமிழ்நாடு 2008இல் நலவாரியமும் அமைத்தது. ஆனால் நன்னூலார் முதலாவதாக வைத்தது, பெண்மையை விட்டு ஆண்மையை அவாவியவரையன்றோ? திருநம்பி எனப்படும் அவர் வாழ்வு நம் புனைகதையில் மிக அருகியே காணப்படுகின்றது.