சக் ஈ. சீஸ் டோக்கனில் தேய்ந்த பக்கம்

அடாரியைத் தொடங்கியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல், 1977-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் திறந்த பீட்சா, வீடியோ கேம் கடை இது. அமெரிக்கக் காசில் 'கடவுளை நம்புகிறோம்'னு இருக்கும். இவங்க டோக்கனில் 'பீட்சாவை நம்புகிறோம்'. நல்ல கிண்டல்தான். ஆனா அதுக்குள்ளே ஒரு கணக்கும் இருக்கு. டாலரை டோக்கனா மாத்திட்டா வெளியே செல்லாது; மிச்சமிருந்தா மறுபடி அங்கேயேதான் போகணும்.

சேகரிப்பவர்கள் பலரும் ஆண்டு, எழுத்து வித்தியாசமெல்லாம் பார்த்து, பளபளன்னு இருப்பதைத்தான் தேடுறாங்க. பளபளப்பானது விளையாட்டையே பார்க்காத டோக்கன். எனக்கென்னவோ தேய்ந்ததுதான் ஆவணம்.

இப்போ அங்கே டோக்கன் போய் அட்டை வந்தாச்சு. அட்டையில் மிச்சம் எவ்வளவுன்னு எந்திரம்தான் சொல்லணும். டோக்கன்னா, ஆறு வயசுப் பிள்ளை டவுசர் பைக்குள்ளே கைவிட்டே எண்ணிடும்.