குளமும் கட்டணமும்

மால்கம் கிளாட்வெல்லின் ‘டேவிட் அண்ட் கோலியத்’ (2013) புத்தகத்தில் கரோலின் சாக்ஸ் என்று பெயர் மாற்றிச் சொல்லப்படும் ஒரு பெண் வருகிறாள். அறிவியல் பைத்தியம். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மேரிலாண்ட் அரசுப் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, பேர்பெற்ற தனியார் கல்லூரியான பிரவுனுக்குப் போகிறாள். அங்கே கரிம வேதியியல் அவளை உடைத்துப்போடுகிறது, அறிவியலையே விட்டுவிடுகிறாள். மேரிலாண்டுக்குப் போயிருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்கிறாள்.

முதல் தடவை படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பள்ளியில் முதல் மார்க் வாங்கிவிட்டு, பொறியியல் முதல் செமஸ்டரில் கணக்கில் கோட்டை விட்டவன் நான்.

இரண்டாம் தடவை அட்டவணையைப் பார்த்தேன். ஹார்ட்விக் கல்லூரியில் சேட் கணித மதிப்பெண்ணில் மேலே இருக்கும் மூன்றிலொரு பங்கினரின் சராசரி 569. ஹார்வர்டில் கடைசி மூன்றிலொரு பங்கினருக்கே 581. ஆனால் அறிவியல் பட்டங்களில் முன்னவர்களுக்கு 55 சதவீதம், பின்னவர்களுக்கு 15.4. ஆகவே பெரிய குளத்தில் சின்ன மீனாக இருக்காதே என்கிறார். சரி, கூட்டிப் பாருங்க. இரண்டு கல்லூரியிலும் மூன்று பங்கும் சேர்ந்தால் நூறு. அதாவது வாங்கிய பட்டங்களை யார் யார் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்ற கணக்குதான் இது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பது இதில் இல்லை. பத்துப் பேர் முடித்தாலும் தொண்ணூறு பேர் முடித்தாலும் அதே 55 வரலாம். இப்படி ஒரு எண்ணை ஆபீஸ் டேஷ்போர்டில் போட்டால், “மொத்தம் எவ்ளோ?” என்றுதான் முதல் கேள்வி வரும்.

தவிர, ஹார்ட்விக்கும் தனியார் கல்லூரிதான்! மேரிலாண்டா பிரவுனா என்ற கேள்விக்கு அது பதிலே இல்லை. கிளாட்வெல்லின் வாதம் வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதிலேயே சுற்றுகிறது. காசு அதற்குள் வருவதில்லை. ஸ்டேசி டேல், ஆலன் குருகர் என்ற இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரிக் கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். பேர்பெற்ற கல்லூரிக்குப் போனதால் பின்னாளில் சம்பளம் பெரிதாக ஏறவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏறியது. கிளாட்வெல்லின் அறிவுரையால் அதிகம் இழக்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

நம்ம ஊரில் குளங்கள் தலைகீழ். கட்-ஆஃப் அதிகமான கிண்டியில் கட்டணம் குறைவு, காசு கேட்பது தனியார். நான் தோற்ற வகுப்பும் ஒரு அரசுக் கல்லூரியில்தான். சின்னக் குளம் தேடிப் போயிருந்தால் அப்பா வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்திருக்க வேண்டும். இரண்டு அரியரோடு அங்கேயே முடித்தேன்.