கலையகமும் கருத்தரங்கும்
பிரித்தானியப் பல்தொழினுட்பக் கல்லூரியில் ஊடகக் கல்வி: ஒரு விமர்சன நோக்கு

பிரித்தானிய உயர்கல்வித் துறைகளுள் அதிக ஏளனத்துக்கு உள்ளானவற்றுள் ஊடகக் கல்வியும் ஒன்றாகும். 2003 இல் உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சராயிருந்த மார்கரற் ஹொட்ஜ், தரங்குறைந்த பாடநெறிகளை ‘மிக்கி மவுஸ்’ பாடநெறிகள் எனக் குறிப்பிட்டார். பத்திரிகைகள் இவ்வசையைப் பெரிதும் ஊடகக் கல்வியின் மீதே சுமத்தின. படம் பார்ப்பதற்கும் பத்திரிகை படிப்பதற்கும் பட்டம் எதற்கு என்பதே வசையின் சாரம். அது நியாயமானதா என்பதை அறிய வேண்டுமாயின், அக்கல்வி பல்தொழினுட்பக் கல்லூரியிற் கருக்கொண்ட காலத்தையும் அங்கு பயின்ற மாணவனின் வாழ்நிலையையும் நோக்குதல் வேண்டும்.

1965 இல் கல்வி அமைச்சர் அன்ரனி குறொஸ்லன்ட் வூலிச்சில் நிகழ்த்திய உரையும், 1966 இல் வெளியான வெள்ளை அறிக்கையும் பல்கலைக்கழகங்களுக்குச் சமாந்தரமான ஓர் உயர்கல்விப் பிரிவுக்கு வழிவகுத்தன. அதன்வழி முப்பது பல்தொழினுட்பக் கல்லூரிகள் தோன்றின. இவை தாமாகப் பட்டம் வழங்கும் உரிமையற்றவை. 1964 இல் அமைக்கப்பட்ட தேசிய மன்றமொன்றே இவற்றின் மாணவருக்குப் பட்டமளித்தது. இவற்றுளொன்றான மத்திய இலண்டன் பல்தொழினுட்பக் கல்லூரி, 1975 இல் நாட்டின் முதலாவது ஊடகக் கல்வி இளமாணிப் பாடநெறியை ஆரம்பித்தது. அக்கல்லூரியின் றீஜன்ற் வீதிக் கட்டடத்திலேயே 1896 பெப்ரவரியில் லூமியேர் சகோதரரின் சலனப்படங்கள் பிரித்தானியப் பொதுமக்களுக்கு முதன்முதலிற் காட்டப்பட்டன. பீ.பீ.சி.யின் ஒலிபரப்பு மாளிகையோ அங்கிருந்து சில நிமிட நடைத்தூரத்திலேயே உள்ளது.

இவ்வயல்மை அங்கு பயின்ற மாணவனின் உள்முரண்பாட்டைச் சுட்டி நிற்பது. எந்த நிறுவனத்தை ஐயுற்று நோக்குமாறு கருத்தரங்கு அவனுக்குக் கற்பித்ததோ, அந்நிறுவனத்தின் வாசலிலேயே அவன் நாளை வேலை கேட்டு நிற்கவேண்டியிருந்தது. வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை ஆகியவற்றின் தொழிற்பயிற்சி ஒருபுறமும், ஊடக உடைமை, அரசு, பார்வையாளர் பற்றிய சமூகவியல் ஆய்வு மறுபுறமுமாகப் பாடநெறி அமைந்தது. அக்காலம் சிந்தனை வளம் மிக்கது. ஸ்ருவேட் ஹோல் 1973 இல் தொலைக்காட்சிச் செய்தி குறியேற்றம் பெறுவதையும் பார்வையாளரால் வாசிக்கப்படுவதையும் ஆராய்ந்தார். றேமண்ட் வில்லியம்ஸ் 1974 இல் தொலைக்காட்சியைத் தொழினுட்பமாகவும் பண்பாட்டு வடிவமாகவும் ஒருங்கே நோக்கினார். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினரின் 1976 ஆம் ஆண்டு நூல், தொழிற்பிணக்குகள் பற்றிய தொலைக்காட்சிச் செய்திகள் தொழிலாளருக்குப் பாதகமாகச் சாய்ந்திருந்தமையை எடுத்துக்காட்டியது.

இவ்வாய்வுகள் மாணவனுக்குப் பரீட்சைக்குரிய பாடங்களாக மட்டும் இருந்திருப்பின் அவற்றால் விளையும் பயன் சிறிதே. வேலைநிறுத்தம் பற்றிய இருபது நிமிடச் செவ்வியொன்றை மூன்று நிமிடமாகச் சுருக்கும் பணியைச் சான்றாகக் கொள்ளலாம். அக்காலத்தில் ஒலிநாடாவில் மெழுகுப் பென்சிலாற் குறியிட்டு, சவர அலகால் வெட்டி, ஒட்டுநாடாவால் இணைத்தனர். முகாமையாளரின் விடையை முழுமையாக வைத்துக்கொண்டு, தொழிலாளியின் விடையிலிருந்து காரணத்தை நீக்கிக் கோபத்தை மட்டும் எஞ்சவிடுவது ஓரிரு வெட்டுகளில் முடிந்துவிடும் காரியம். நூலிற் படித்த பக்கச்சார்பு தன் விரல்நுனியிலேயே பிறக்கக்கூடும் என்பதை மாணவன் உணரும் கணம் அது. கோட்பாடும் கைத்திறனும் ஒன்றையொன்று சோதிக்கும் அக்கணமே இக்கல்வியின் உயிர்நிலை. பழைய கலைப்பட்டப் படிப்பும் பத்திரிகை அலுவலகத் தொழிற்பயிலலும் தனித்தனியே இதனை அளிக்க வல்லனவல்ல.

எனினும், இவ்வகைப் பாடநெறிகள் குறையற்றன எனக் கொள்வதற்கில்லை. கோட்பாட்டை ஒருவரும் பயிற்சியை இன்னொருவரும் கற்பிக்க, இரண்டையும் இணைக்கும் பொறுப்பு மாணவனின் தலையில் விழும் இடர் இவற்றில் எப்போதும் உண்டு. பொதுமக்களுக்கு விளங்கும் மொழியைப் பயிலவந்தவன், பொதுமக்களுக்கு விளங்காத கலைச்சொற்களிற் கட்டுரை எழுதப் பழகுவது நகைப்புக்குரிய முரண். ஏளனம் செய்தோரின் கூற்றில் உண்மையின் கூறு ஏதும் உண்டெனில் அது இதுவே.

ஆயின், இக்கல்வியை ஆட்டங்காணச் செய்த காரணி கலைத்திட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தது. 1962 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முதற்பட்டம் பயிலும் உள்நாட்டு முழுநேர மாணவருக்கு, பெற்றோரின் வருமானத்தைக் கருத்திற்கொண்டு, உள்ளூராட்சி மன்றங்கள் உதவிப்பணம் வழங்கின. வெளிநாட்டு மாணவர் இவ்வுரிமைக்குப் புறத்தே நின்றனர். 1980 முதல் அவர்களிடம் முழுச் செலவுக் கட்டணமும் அறவிடப்பட்டது. உள்நாட்டு மாணவருக்கும் 1990 இற் கல்விக்கடன் வந்தது. 1998 இல் ஆண்டுக்கு 1,000 பவுண் வரையான கட்டணம் வந்தது. 2012 இல் இங்கிலாந்தில் அது 9,000 பவுண் வரை உயர்ந்தது. உதவிப்பணம் பெற்ற மாணவன் ஒரு வெட்டைப் பற்றி ஒரு வாரம் விவாதிக்க முடிந்தது. கடன் சுமந்தவனுக்கு அவ்விவாதம் ஆடம்பரமாகத் தோன்றுமெனின் அவனைக் குறைகூற இயலாது. வேலைக்கு உதவும் திறன் எது என அவன் கேட்கிறான். நிறுவனங்களும் அக்கேள்விக்கேற்பவே விளம்பரம் செய்கின்றன.

1992 இற் பல்தொழினுட்பக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களாயின. மேற்கூறிய கல்லூரி வெஸ்ற்மின்ஸ்ரர் பல்கலைக்கழகம் என்னும் பெயர் பெற்றது. பெயரளவிலான தாழ்வு அத்துடன் நீங்கிற்று. ஆனால் ஐயுறுவதற்கும் தவறிழைத்துத் திருத்துவதற்கும் வேண்டிய அவகாசம் பெயரோடு சேர்ந்து வரும் பொருளன்று. ஊடகக் கல்வியை எள்ளுவோர் மாணவனின் உழைப்பை மட்டுமே அளந்து பார்க்கின்றனர். அவனுக்கு எவ்வளவு அவகாசம் கொடுக்கப்பட்டது என்பதை அவர்கள் கேட்பதில்லை. செய்தியை ஆக்கும் கையும் அதனை ஐயுறும் மனமும் ஒருவனிடத்தே கூடவேண்டுமென விரும்பும் சமூகம், அக்கூட்டுறவுக்கான செலவையும் தானே ஏற்றாக வேண்டும்.